1947 வாக்காளர் பட்டியலில் இருக்கும் தாத்தா 1952 பட்டியலில் இல்லை. எங்கே போயிருப்பார்?

கோத்தகிரிப் பேரன்:
இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ள 1964-இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தவர்கள். குடும்ப வரலாறு எழுதுவதற்காக இலங்கை மலைநாட்டில் உள்ள மஸ்கெலியாப் பகுதியின் பழைய வாக்காளர் பட்டியல் நகல்கள் சிலவற்றை நண்பர் ஒருவர் மூலம் பெற்றேன். 1947 தேர்தல் பட்டியலில் தாத்தாவின் பெயர் தோட்டப் பெயரோடு தெளிவாக இருக்கிறது. 1952 தேர்தலுக்கான பட்டியலில் இல்லை. ஆனால் அப்பா 1955-இல் அதே தோட்டத்து லயத்தில்தான் (தொழிலாளர் வரிசை வீடு) பிறந்தார். இடையில் தாத்தா இந்தியாவுக்குப் போய்ச் சில வருடம் இருந்துவிட்டு வந்தார் என்று சித்தப்பா அடித்துச் சொல்கிறார், அத்தை மறுக்கிறார். இதை எப்படி உறுதி செய்வது?

ஹட்டன் வாத்தியார்:
தம்பி, தாத்தா எங்கேயும் போயிருக்க வேண்டியதில்லை. சட்டம்தான் அவரை வெளியே தள்ளியது. 1948-இல் வந்த 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது. தோட்டத்து மக்களில் எத்தனை பேரிடம் அப்படியொரு சான்றிதழ் இருந்திருக்கும்? அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். அதன்பின் திருத்தப்பட்ட பட்டியலை வைத்துத்தான் 1952 தேர்தல் நடந்தது. மலையகத்தில் லயம் லயமாகப் பெயர்கள் போயின. அந்தப் பக்கத்தில் உங்கள் தாத்தாவை மட்டும் தேடாதீர்கள். 1947-இல் அவருக்கு மேலும் கீழும் இருந்தவர்கள் 1952-இல் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

கோத்தகிரிப் பேரன்:
பார்த்தேன் ஐயா. ஏறக்குறைய எல்லோருமே இல்லை! ஆனால் தொழிலாளர்களை மேற்பார்த்த பெரிய கங்காணியின் பெயர் இருக்கிறது. அது எப்படி?

ஹட்டன் வாத்தியார்:
அவருடைய தகப்பன் இங்கே பிறந்து, அந்தப் பிறப்பு பதிவாகியும் இருந்திருக்கலாம். அல்லது 1949-ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் முதலிலேயே குடிமகனாகப் பதிவு பெற்றிருக்கலாம். காகிதம் சேர்த்து வைக்கவும், சட்டத்தரணியைப் பார்க்கவும் கங்காணிகளுக்கு வசதி இருந்தது. பட்டியலைப் பார்த்து மட்டும் காரணத்தைச் சொல்ல முடியாது.

சுவடி தேடி:
1947 பட்டியலையே இன்னும் முழுதாகப் பிழியவில்லை நீங்கள். இலங்கையில் 1931 முதல் ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை, அப்போது வயது 21. ஆக, தாத்தா பிறந்தது 1926-க்குப் பின்னால் இருக்க வழியில்லை. பாட்டியின் பெயரும் அதே பக்கத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் அவருக்கு வயது வரவில்லை, அல்லது கல்யாணத்துக்கு முன்பு வேறு தோட்டத்தில் இருந்தார் என்று இரண்டு பக்கமும் யோசியுங்கள். 1930-களின் பட்டியலில் ஒருவர் இல்லையென்றாலும் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். அப்போதே இந்திய வம்சாவளியினர் நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டியிருந்தது. பலர் சேர்க்கப்படவே இல்லை.

இன்னொன்று, எழுத்துக்கூட்டல். ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருப்பார். ராமசாமி ஒரே தோட்டத்தில் மூன்று விதமாக வருவார். தோட்டத்துக்கும் ஆங்கிலப் பெயர் வேறு, நம் ஆட்கள் வழங்கிய பெயர் வேறு. பழைய தோட்ட டைரக்டரிகளில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

கூடலூர் அக்கா:
இந்தியாவுக்குப் போய்வந்த கதையை உறுதி செய்யப் பட்டியல் உதவாது தம்பி. 1949 வதிவாளர் சட்டத்தின்படி குடியுரிமை கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்தைத் தேடுங்கள். 1951 ஆகஸ்ட் 5 வரை வாங்கினார்கள். மணமானவர் 1946 ஜனவரி 1-க்கு முந்தைய 7 ஆண்டுகள், மணமாகாதவர் 10 ஆண்டுகள் தொடர்ந்து இலங்கையில் இருந்ததைக் காட்ட வேண்டும். அதன்பின் விண்ணப்பிக்கும் நாள் வரையிலும் இருந்திருக்க வேண்டும். ஒரே மூச்சில் 12 மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பம் போய், ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. மறுத்து வந்த கடிதங்களைச் சில வீடுகளில் இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருந்தால், சித்தப்பாவா அத்தையா என்பதற்கு அதிலேயே பதில் இருக்கக்கூடும்.

அப்புறம் குடும்ப அட்டை. தாயகம் திரும்பியோருக்கு அதுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். யாராவது பத்திரமாக வைத்திருப்பார்கள்.

சுவடி தேடி:
அப்பாவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழின் முழு நகலையும் எடுங்கள். பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுத அதில் ஒரு கட்டம் உண்டு. அது வெறுமையாக இருந்தாலும் தகவல்தான், ஆனால் முழு ஆதாரம் ஆகாது. பதிவுக்குப் போனவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் வரவு, சம்பளப் பதிவேடு) கிடைத்தால் அதிர்ஷ்டம். 1975-இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992-இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனபோது பல தோட்டங்களில் பழைய புத்தகங்கள் கரையானுக்கும் அடுப்புக்கும் போய்விட்டன. நான் அதை நம்பி இருக்க மாட்டேன்.

கோத்தகிரிப் பேரன்:
குடும்ப அட்டை அத்தையிடம் இருக்கிறது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் 1947 பட்டியலோடு பொருந்துகிறது. கூடவே கொழும்பிலிருந்து வந்த ஒரு பழைய ஆங்கிலக் கடிதமும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறதாம். மடிப்பில் கிழிந்திருப்பதால் பிரிக்க அத்தை பயப்படுகிறார். என்ன செய்யலாம்?

கூடலூர் அக்கா:
பலவந்தமாகப் பிரிக்க வேண்டாம். டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், பசை காகிதத்தைத் தின்றுவிடும். தானாகத் திறக்கிற அளவுக்குத் திறந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள். மேலே உள்ள தேதியும் விண்ணப்ப எண்ணும் முதலில் வேண்டும். எண் கிடைத்ததும் இங்கே சொல்லுங்கள்.