தாய் நாய் எங்கே? இளையோர் கதை ஒன்று எழுதுகிறேன், உதவி வேண்டும்

வடலி:

வணக்கம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். வீடு கொக்குவில். இந்த இடைவெளியில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் வாசிக்க ஒரு நீண்ட கதை எழுதத் தொடங்கினேன். ஆறாம் அத்தியாயத்தோடு நிற்கிறது.

கதை இதுதான். பத்தாம் ஆண்டு படிக்கும் நிலவனின் அப்பா பின் வளவில் ஜேர்மன் ஷெப்பேர்ட் வளர்த்துக் குட்டி விற்கிறார். அந்தக் காசில்தான் நிலவன் ரியூசனுக்குப் போகிறான். தாய் நாய் ஓய்வில்லாமல் குட்டி போட்டு இளைத்துப்போவது ஒருநாள் அவனுக்கு விளங்குகிறது. இனி அவன் என்ன செய்வான் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

ஏன் இந்தக் கதை என்றும் சொல்ல வேண்டும். எட்டாம் ஆண்டிலிருந்து ஆங்கில இளையோர் நாவல்களை நூலகத்தில் எடுத்து வாசிக்கிறேன். நாய் வரும் கதை என்றால் விடமாட்டேன். குட்டி ஒன்று பெட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும், தனித்துப்போன ஒரு பிள்ளைக்குத் துணையாகும், கடைசியில் அனேகமாகச் செத்துப்போகும். பிள்ளை அழுது அழுது பெரிய ஆளாகும். நானும் சேர்ந்து அழுதிருக்கிறேன். ஆனால் அந்தக் குட்டி எந்த வயிற்றிலிருந்து வந்தது, அந்தத் தாய் இப்போது எங்கே என்று நான் வாசித்த கதைகளில் ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. றோசியைப் பார்க்கும் வரை எனக்கும் அந்தக் கேள்வி வரவில்லை.

றோசி என் சித்தப்பாவின் நாய். 2022 இல் பெற்றோல் இல்லாமல் அவருடைய ஓட்டோ வாசலிலேயே நின்றது. கூட்டாளி ஒருவரிடம் கடுவன் இருந்தது. றோசியைச் சேர்த்துக் குட்டி விற்றால் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆகும் என்று தொடங்கினார். உண்மையாகவே ஆனது, அந்தக் காசில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். முதல் ஈற்றில் ஏழு குட்டி. அடுத்த பருவத்திலும் விட்டார், அதற்கு அடுத்ததிலும் விட்டார்.

மூன்றாம் ஈற்றின்போது பள்ளிக்கூட விடுமுறைக்கு அங்கே போய் நின்றேன். கிணற்றடி மாமரத்துக்குக் கீழே றோசி படுத்திருக்கும். விலா எலும்பை எண்ணலாம். குட்டிகளின் நகம் பட்டு முலைக்காம்பெல்லாம் கீறிச் சிவந்து ஈ மொய்க்கும். நான் தேங்காயெண்ணெய் பூசினால் என் கையை நக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் மட்டும் எழும்பிவிடும். குட்டி வாங்குபவர்கள் மோட்டார் சைக்கிளில் பிஸ்கட் பெட்டியோடு வருவார்கள், அது அதற்குத் தெரியும். குட்டிகளுக்கும் படலைக்கும் நடுவில் போய் நிற்கும். குரைக்காது, சும்மா நிற்கும். 35 ஆம் நாள் கடைசிக் குட்டியும் போனது. பிறகு இரண்டு நாள் குட்டிகள் கிடந்த சாக்கை மணந்து மணந்து சுற்றிக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் கேட்டது, ‘சாதி நாய்தானே?’ என்றுதான். அந்தச் சொல் எங்கள் வாயில் எவ்வளவு இலேசாக வருகிறது! அதே ஒழுங்கையில் ஊர் நாய் ஒன்று குட்டி போட்டால், கடுவன் குட்டிகளை யாராவது எடுப்பார்கள். பெட்டைக் குட்டிகளை உரப்பையில் போட்டுச் சந்தையடியில் விட்டுவிட்டு வருவார்கள், நாளைக்கு அதுவும் குட்டி போடும் என்று. சாதி நாய் என்றால் அதே காரணத்துக்காகவே பெட்டையைக் கட்டி வைத்திருக்கிறோம்.

நிலவனின் அப்பாவைக் கெட்டவராக எழுதினால் கதை சுலபமாக முடிந்துவிடும். சித்தப்பாவை நினைத்தால் அப்படி எழுத மனம் வரவில்லை. றோசியை நினைத்தால் அவரை அப்படியே விட்டுவிடவும் மனம் வரவில்லை. நாய் வளர்ப்பவர்கள், மிருக வைத்தியம் தெரிந்தவர்கள், கதை வாசிப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சுன்னாகத்தான்:

தங்கச்சி, நானும் பதினைந்து வருடமாகக் குட்டி விற்கிறவன். உங்கள் கதையில் வரும் அப்பா மாதிரித்தான் தொடங்கினேன், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வைத்திருந்தது பொமரேனியன். பத்து மாதத்தில், முதல் பருவத்திலேயே கடுவனிடம் விட்டேன். ஐந்து குட்டி. மூன்றாம் கிழமை ஒரு இரவு, தாய் கால் விறைத்து நடுங்கத் தொடங்கியது. கண் நிலைகுத்திவிட்டது. நான் விசர் நோயோ என்று பயந்து தூர நின்றேன். மிருக வைத்தியர் ஒருவர் அந்த நேரத்திலும் வந்து, பால் கொடுத்துக் கொடுத்து உடம்பில் கல்சியம் இறங்கிவிட்டது என்று சொல்லி, நரம்பில் மெதுவாக ஏற்றினார். அரை மணித்தியாலத்தில் தலையைத் தூக்கியது. அதற்குப் பிறகு நான் பழைய ஆள் இல்லை.

இப்போது லாப்ரடோர் மட்டும். இரண்டு வயதுக்கு முன் விடுவதில்லை. ஒரு பருவம் ஆறவிட்டுத்தான் அடுத்தது, மூன்று ஈற்றோடு நிறுத்திவிடுவேன். எவ்வளவு காசு நீட்டினாலும் எட்டுக் கிழமைக்கு முன் குட்டி படலை தாண்டாது. வாங்க வருபவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தாயைக் காட்டுவேன். அவர்களோ ‘பேப்பர் இருக்கோ?’ என்று கேட்பார்கள். என் கையில் இருக்கும் பேப்பரில் பாட்டன் பூட்டன் பெயர்தான் இருக்கிறது. பெரிய இனங்களில் பரம்பரையாக வரும் இடுப்பு மூட்டுக் குறை இருக்கிறதா என்பதை எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஷெப்பேர்டுக்கும் அது முக்கியம், கதையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குத் தெரியாததைத் தெரியாதது என்றே எழுதுங்கள். தெரிந்த பிறகும் செய்கிறார் என்றால் அப்போது அவரை விடாதீர்கள்.

நெடுந்தீவு மகள்:

வடலி, நான் பேராதனையில் கால்நடை வைத்தியம் படித்தவள். றோசியின் 35 நாள் கணக்கு எனக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. தாயிடமிருந்து குட்டிக்கு வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டு போகும் காலம் அது. பார்வோ என்ற கிருமி குட்டிகளின் குடலைத் தாக்கிக் கொல்லும். அதற்கான ஊசியின் முதல் தவணையே ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்குள்தான். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். ஊசி இல்லாத குட்டி புது வளவுக்குப் போய் மண்ணை நக்கினால், ஒரு கிழமையில் வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவார்கள். கொண்டுவருவது பெரும்பாலும் பிள்ளைகள். உங்கள் கதைக்கு அவர்களும் வேண்டும்.

தாய் எங்கே என்ற உங்கள் கேள்வியை இங்கிலாந்தில் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். லூசி என்ற பெட்டை நாய் 2013 இல் வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து மீட்கப்பட்டது. கூட்டுக்குள்ளேயே அடைபட்டுக் குட்டி போட்டதால் முதுகெலும்பு வளைந்திருந்தது. 2016 இல் இறந்துவிட்டது. அதன் பெயரால் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர் விற்க முடியாது. பிறந்த இடத்தில் தாயோடு வைத்துத்தான் காட்ட வேண்டும்.

அப்புறம், எந்த இன நாயை எழுதுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். புள்ளி நாய்கள் வரும் டிஸ்னி படம் 1985 இல் மறுபடி திரைக்கு வந்தது. அமெரிக்காவில் அந்த வருடம் 8,000 அளவில் பதிவான டால்மேஷன் குட்டிகள் 1993 இல் 40,000 ஐத் தாண்டின. பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் கணிசமாகப் பிறக்கும் இனம் அது. அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் குறை. 2014 இல் நாய்கள் வரும் 87 படங்களை எடுத்து ஆராய்ந்தவர்கள், ஒரு படத்தால் அந்த இன நாய்க்குக் கூடும் கிராக்கி பத்து வருடம் வரைக்கும் நீடிக்கலாம் என்று கண்டார்கள். உங்கள் கதையை வாசிக்கும் பிள்ளை அடுத்த நாள் அப்பாவிடம் ஷெப்பேர்ட் கேட்கக்கூடாது அல்லவா?

கரவெட்டி ரீச்சர்:

பிள்ளை, பத்தாம் ஆண்டு, பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளோடு வெள்ளிக்கிழமைகளில் கதை வாசிக்கிறேன். போன தவணை ஒரு பெடியன் கேட்டான், “ஏன் ரீச்சர் எப்பவும் நாய்தான் சாகுது?” என்னிடம் பதில் இருக்கவில்லை. உங்கள் தாய் நாயைச் சாகடிக்காதீர்கள். செத்தால் பிள்ளைகள் அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். இளைத்த உடம்போடு அது அடுத்த அத்தியாயத்திலும் படுத்திருக்க வேண்டும், அவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

அப்பா நல்லவரா கெட்டவரா என்று ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்கள்? ரியூசன் காசு குட்டிக் காசு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிலவனுக்கு அது எப்போது உறைக்கிறது? அப்பாவிடம் சண்டைக்குப் போவதற்கு முன் அவன் தன் கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்க்கட்டும். ஒரு குட்டிக்கு எத்தனை மாத விஞ்ஞான வகுப்பு? அந்தப் பக்கத்தை எழுதிவிட்டால் மிச்சம் தானாக வரும்.

‘சாதி நாய்’ என்ற சொல்லை வாங்க வருபவர்களின் வாயில் வையுங்கள். அதற்கு விளக்கம் எழுத வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வடலி:

சுன்னாகம் அண்ணா, டொக்டர், ரீச்சர், மூவருக்கும் நன்றி. கணக்குப் பார்க்கும் பக்கத்தை நேற்று இரவே எழுதிவிட்டேன். நான்கு குட்டி, ஒரு வருட ரியூசன். எழுதும்போது கை கூசியது.

ஷெப்பேர்ட் பற்றி இன்னும் யோசிக்கிறேன். இனத்தின் பெயரையே எழுதாமல், வாங்க வருபவர்கள் ‘சாதி நாய்’ என்று சொல்வதோடு விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன்.

றோசி எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மூன்றாம் ஈற்றுக்குப் பிறகு சித்தப்பா கருத்தடை செய்வித்துவிட்டார். நான் சொல்லித்தான் செய்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சித்திதான் சொன்னா, அவர் முதலே போய் விசாரித்துவிட்டு வந்திருந்தாராம். இப்போது உடம்பு தேறிவிட்டது. ஆனால் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் இன்னும் எழும்பிப் படலைக்குப் போகிறது.

இன்று பின்னேரம் ஆறு அத்தியாயத்தையும் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஓட்டோவின் பின் சீற்றில் இருந்து கேட்டார். இடையில் ஒன்றும் சொல்லவில்லை. றோசி அவருடைய காலடியில் கிடந்தது. முடிந்ததும் கொஞ்ச நேரம் அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “தாய் நாய்க்கு என்ன பேர்?” என்று கேட்டார்.

திருப்பிப் பார்த்தேன். ஆறு அத்தியாயத்திலும் நான் ‘தாய் நாய்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். குட்டிகள் ஏழுக்கும் பெயர் இருக்கிறது.

முதலாம் அத்தியாயத்திலிருந்து மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறேன். பத்தாம் அத்தியாயம் வந்ததும் இங்கே போடுகிறேன்.