ரப்பர் பால் லோரியின் எண் தகடு: சுவரில் மாட்டுவதா, இரும்புக் கடைக்கே விடுவதா?

சிப்புட் தகடு:

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்து நண்பர்களுக்கு வணக்கம். போன சனிக்கிழமை ஊர் எல்லையிலுள்ள பழைய இரும்புக் கடையில், துருப்பிடித்த செம்பனை அரிவாள்களுக்கும் நசுங்கிய பால் வாளிகளுக்கும் அடியில் ஓர் எண் தகடு கண்ணில் பட்டது. கறுப்புத் தகரத்தில் கையால் எழுதிய வெள்ளை எழுத்துகள். முதல் எழுத்து பேராக் மாநிலத்தைக் குறிக்கும் 'ஏ'. மீதியைத் துடைத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. எங்கள் தோட்டத்துப் பால் லோரி! பால் கொட்டகை வாசலில் அம்மாவுக்காகக் காத்திருந்த காலையெல்லாம் நான் வாசித்த எண் அது. கடைக்காரர் 40 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன்.

பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்ததில் என்னிடம் 60க்கு மேற்பட்ட தகடுகள் இருக்கின்றன. பாதி, தோட்டத்து வண்டிகளுடையவை. மீதியில் நினைவுத் தொடர்களும் உண்டு: 1998 காமன்வெல்த் விளையாட்டுக்கான 'சுக்கோம்', 2003இல் கோலாலம்பூரில் கூடிய அணிசேரா நாடுகள் மாநாட்டுக்காக ரோமன் பதின்மூன்றோடு வந்த தகடு, அதே ஆண்டு புத்ராஜெயாவில் நடந்த இஸ்லாமிய மாநாட்டின் 'எக்ஸ்ஓஐசி'.

நான் படித்த தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சந்திப்பில் ஒரு சுவரை எனக்கு ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு விஷயங்களில் உங்கள் கருத்து வேண்டும். பால் லோரியின் தகட்டுக்குப் புதிதாக வண்ணம் அடிக்கலாமா? நினைவுத் தகடுகளையும் அதே சுவரில் மாட்டலாமா?

ஓய்வாசிரியை:

தம்பி, நீங்கள் கேட்காத மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அந்தச் சுவரில் எண் தகடு எதற்கு?

தோட்டம் கைமாறியபோது நாங்கள் குடியிருந்த லயங்கள் இடிந்தன. கோயிலைப் பெயர்த்துச் சாலையோரம் வைத்தோம். காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்ட பெரட்டுக் களத்தில் இன்று செம்பனை நிற்கிறது. அந்த லோரி முதலாளியின் சொத்து. அதன் எண் அரசாங்கப் பதிவில் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் இருந்திருக்கும். என் அம்மாவின் பெயரைத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் மூன்று விதமாக எழுதினார்கள். முப்பத்தொரு வருடம் பால் வெட்டியவருக்கு அந்த மூன்று எழுத்துப்பிழைகள்தாம் மிச்சம். பிழையில்லாமல் எழுதப்பட்ட லோரியின் எண்ணை நீங்கள் 40 வெள்ளி கொடுத்துக் காப்பாற்றுகிறீர்கள்.

அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. 1960இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளியின் காசைச் சேர்த்தே வாங்குவதற்காக. நிலத்தையும் அதில் வேலை செய்தவர்களையும் காப்பாற்றப் பார்த்தார். நாம் அந்தப் பாதையில் போக வேண்டும். எண்பது வயதைத் தாண்டியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள்.

பட்டறைக்காரன்:

நாற்பது வருடமாக லோரி பழுது பார்க்கிறேன். டீச்சர் சொன்னதற்குள் நான் போகவில்லை. தகட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் சாலைப் போக்குவரத்து இலாகா எண்ணைத்தான் கொடுக்கும். தகட்டை நாமே கடையில் செய்து மாட்டிக்கொள்ள வேண்டும். 2024 செப்டம்பரில் மின்சார வாகனங்களுக்கென்று வெள்ளைத் தகடு வரும்வரை இதுதான் எல்லோருக்கும் வழக்கம். ஆகவே 'சுக்கோம்' தகடு அசலா என்று கேட்டால், அசல் என்று ஒன்றே கிடையாது. கறுப்புப் பிளாஸ்டிக்கும் ஒட்டும் எழுத்தும் கொடுத்தால் கடைப் பையன் அரை மணி நேரத்தில் இன்னொன்று செய்துவிடுவான். அதைச் சேகரிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கையால் எழுதிய தகடு வேறு. அந்தக் காலத்தில் நம் ஊர் லோரிகளுக்கு எழுதியவர் ஒரே ஆள். என் அப்பாவின் பட்டறைக்கு வெளியே உட்கார்ந்து எழுதுவார். சுண்ணக்கட்டி பூசிய நூலை இழுத்துச் சுண்டி இரண்டு கோடு போடுவார். பிறகு கை எடுக்காமல் எழுத்து. கதவில் வண்டியின் எடையைக் குறிக்கும் பிடிஎம், பிடிஎம் எண்களையும் தோட்டத்தின் பெயரையும் அவரே எழுதுவார். நான்கு எழுதினால் மேல்பக்கத்தை மூடமாட்டார், திறந்தே விடுவார். உங்கள் தகட்டில் நான்கு இருக்கிறதா? இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:

மேலே ஒரு எழுத்து தப்பிவிட்டது. சுமையோடு எடை BDM, சுமை இல்லாத எடை BTM என்று படியுங்கள்.

கிராணி மகன்:

நானும் சேகரிப்பவன்தான், ஆனால் ஒரு விதி வைத்திருக்கிறேன்: சாலையில் ஓடாத தகடு என் வீட்டுக்குள் வராது. அதனால் நினைவுத் தொடர் விஷயத்தில் பட்டறை அண்ணன் பக்கம் நிற்கிறேன். 'பேட்ரியோட்' போன்ற தொடர்களை அமைப்புகள் வழியாக விற்றார்கள். காசுள்ளவன் வாங்கினான். அந்த எழுத்து எந்த ஊரையும் சொல்லாது.

சாதாரண எண்ணோ நிறையச் சொல்லும். முதல் எழுத்து வண்டி முதலில் பதிவான மாநிலம். வண்டி எங்கே போனாலும் எழுத்து மாறாது. பேராக் தோட்டத்தில் 'ஜே' தகடு கிடைத்தால் அந்த லோரி ஜொகூரிலிருந்து வந்தது என்று பொருள். 1974இல் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமான பிறகுதான் 'டபிள்யூ' வந்தது. அதற்கு முந்திய தலைநகர் வண்டி 'பி'யில்தான் இருக்கும். 'ஹெச்ஏ' என்றால் பேராக் டாக்சி, வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து. 'இசட்' இராணுவம். 'ஐ', 'ஓ' இரண்டும் வரிசையில் வரவே வராது, எண்ணோடு குழம்பிவிடும். அமெரிக்காவில் சேகரிப்பவர்களுக்கு 1954இலிருந்தே சங்கம் இருக்கிறது. அங்கே தகட்டை மாநிலமே அச்சடித்துத் தருகிறது, பழைய தகடுகளில் ஆண்டும் பொறித்திருக்கும். நம் தகட்டில் ஆண்டு கிடையாது. எழுத்து வரிசையை வைத்து நாமே காலத்தைக் கணிக்க வேண்டும். அந்தக் கணக்கில்தான் எனக்கு இந்தப் பொழுதுபோக்கின் சுவையே இருக்கிறது.

வண்ணம் மட்டும் அடிக்காதீர்கள், தம்பி. நான் ஒரு முறை துருவை எடுக்கப் பால் உறைய வைக்கும் ஆசிட்டைத் தடவினேன். துரு போனதோ இல்லையோ, எழுத்தே உரிந்து கையோடு வந்துவிட்டது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மெல்லிய சோப்பு நீர், பருத்தித் துணி, நிழலில் உலர்த்தல், அதோடு நிறுத்துங்கள். போரில் உலோகம் தட்டுப்பட்டபோது இல்லினாய் மாநிலம் 1943 முதல் 1948 வரை சோயா கலந்த அட்டையில் தகடு செய்தது. மாடும் ஆடும் அதைக் கடித்துத் தின்றன. தோட்டத்தில் மாடு வளர்த்த நமக்கு அது கண்ணுக்குள் தெரியும். அப்படிக் கடிபட்ட தகடு ஒன்று என் கைக்கு வந்தால் அந்த ஓரத்தைத் தொடவே மாட்டேன்.

சாலை விதி:

யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். காரைத் திருடி வேறொரு காரின் எண்ணை மாட்டி ஓட்டும் கூட்டம் நாட்டில் இருக்கிறது. பழைய தகடுகளைப் பொதுச் சுவரில் மாட்டினால் யாராவது படம் பிடித்துப் போய்ப் பயன்படுத்தமாட்டார்களா? ஒவ்வொன்றிலும் நடுவே துளை போட்டுச் செல்லாததாக்கிவிட்டு மாட்டுங்கள்.

பட்டறைக்காரன்:

தகட்டைக் கடையில் செய்துகொள்ளும் நாட்டில் திருடன் சுவரைத் தேடி வரமாட்டான். சாலையில் நின்று எதிரே வரும் காரைப் பார்த்தாலே எண் கிடைத்துவிடும். பொய் எண்ணை வண்டியில் மாட்டுவதுதான் குற்றம். என் அப்பாவின் பட்டறை வாசலில் உட்கார்ந்து அந்த மனிதர் எழுதியதில் துளை போட நான் விடமாட்டேன்.

சிப்புட் தகடு:

பட்டறை அண்ணே, நான்கு இருக்கிறது. திறந்தே இருக்கிறது! உங்கள் பதிவைப் படித்த கையோடு விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். முடியும் இடத்தில் தூரிகையை இடப்பக்கம் லேசாக இழுத்திருக்கிறார். இத்தனை வருடமாகப் பார்த்த எண்ணில் அந்த இழுப்பை இன்றுதான் பார்க்கிறேன். வண்ணம் அடிக்கும் பேச்சு என்னளவில் முடிந்தது.

'சுக்கோம்' விஷயத்தில் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்தத் தகடு கடையில் வாங்கியதல்ல. என் மாமாவின் புரோட்டோனில் பதினெட்டு வருடம் இருந்தது. பழைய காராக அதை வாங்கிய அன்று லயத்தின் இருபது வீடும் வெளியே வந்து பார்த்தது. என் பாட்டி ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனதும், என் தங்கை கல்லூரிக்குப் போனதும் அதில்தான். தகடு எந்த ஊரையும் சொல்லாது என்கிறீர்கள். அதை ஓட்டியவரின் ஊரை நான் சொல்வேன்.

டீச்சர், உங்கள் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். வெளியார் நம் ஊரைப் பற்றி எழுதினால் 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டதையும் அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலத்தையும் எழுதுகிறார்கள். அது வரலாறுதான். காலை ஐந்தரைக்கு லோரியின் பின்பக்கத்தில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்து ரப்பர் மர நிரைக்குப் போன பெண்களைப் பற்றி எழுத அவர்களுக்கு எந்தச் சான்றும் கையில் இல்லை. எனக்கு இந்தத் தகரமாவது கிடைத்திருக்கிறது. நான் எங்கிருந்து தொடங்குவது?

ஓய்வாசிரியை:

பெயரிலிருந்து தொடங்குங்கள். லோரியில் ஏறியவர்களில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்? எண்ணை மனப்பாடமாகச் சொல்கிறீர்கள். பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். நான் இதைக் காயப்படுத்தக் கேட்கவில்லை. எனக்கும் எல்லாப் பெயரும் தெரியாது என்பதுதான் என் வேதனை.

சிப்புட் தகடு:

ஆறு பெயர்தான் வருகிறது, டீச்சர். அதில் இரண்டு, பட்டப் பெயர்.

லோரிக்காரர் மகள்:

வணக்கம். இங்கே எழுதிப் பழக்கமில்லை. என் தம்பி மகன்தான் இதைக் காட்டினான். அந்த லோரியை 1980களில் ஓட்டியவர் என் அப்பா. இப்போது 84 வயது. பக்கவாதம் வந்த பிறகு பேச்சு குறைந்துவிட்டது. நாங்கள் என்ன கேட்டாலும் 'ம்' என்பதோடு சரி.

நேற்றிரவு தகட்டின் படத்தை அவரிடம் காட்டினேன். கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார். எண்ணை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். வலது கீழ் மூலை மடங்கியிருக்கிறதே, அது பதினேழாம் நிரைப் பாலத்தில் பின்னால் எடுத்தபோது இடித்ததாம். அன்று மேற்பார்வை பார்த்த தண்டல் திட்டியதையும் சொன்னார். பிறகு யார் எங்கே உட்காருவார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். கர்ப்பிணிகளை முன்னால் தன் பக்கத்தில் ஏற்றிக்கொள்வாராம். துரை கண்டால் கத்துவாராம், ஆனாலும் ஏற்றுவாராம். கடைசியாக இறங்கும் கிழவி தினமும் அவருக்கு ஒரு வெற்றிலை மடித்துக் கொடுப்பாராம். பத்தொன்பது பெயர் சொன்னார். என் மகன் எழுதிக்கொண்டான். பதினொன்றாவது பெயருக்கு அப்பா அழுதுவிட்டார், ஏன் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்த மூலையைத் தட்டி நேராக்கிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் எழுதினேன்.

கிராணி மகன்:

அம்மா, என் தகப்பனார் அதே வட்டாரத்தில் கிராணியாக, தோட்ட அலுவலகக் கணக்கராக இருந்தவர். டீச்சர் சொன்ன அந்தச் செக்ரோலில் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதிய கைகளில் அவருடைய கையும் ஒன்றாக இருக்கலாம். வீட்டில் அவருடைய குறிப்பேடுகள் இரண்டு இருக்கின்றன. நான் தகடுகளைத் தேடித் தெரு தெருவாய் அலைந்தவன், அந்தக் குறிப்பேடுகளை இன்றுவரை விரித்துப் பார்த்ததில்லை. உங்கள் பத்தொன்பது பெயரோடு ஒத்துப் பார்க்கக் கொண்டுவருகிறேன்.

ஓய்வாசிரியை:

அம்மா, அந்தப் பட்டியலில் என் தாயார் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பெயரை இங்கே எழுதமாட்டேன், உங்களிடம் நேரில் சொல்கிறேன். அப்பாவுக்குக் களைப்பில்லாத நேரம் எது என்று சொல்லுங்கள், வருகிறேன்.

தம்பி, தகட்டை மாட்டுங்கள். அதன் கீழே பெயர்கள் இருக்க வேண்டும், எண்ணின் எழுத்தைவிடப் பெரிதாக. மாநாட்டுத் தகடுகள் அந்தச் சுவருக்கு வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை.

சிப்புட் தகடு:

மாநாட்டுத் தகடுகளை எடுத்துவிடுகிறேன், டீச்சர். 'சுக்கோம்' இருக்கட்டும். அதற்குக் கீழே மாமாவின் பெயரையும் பாட்டியின் பெயரையும் எழுதுவேன்.

ஓய்வாசிரியை:

அதை நேரில் பேசுவோம். எனக்கு இன்னும் சம்மதமில்லை.

பட்டறைக்காரன்:

பெயர்ப் பலகைக்குக் கறுப்புத் தகரம் என் பட்டறையில் இருக்கிறது. அச்சடிக்க வேண்டாம். அந்தத் தகட்டை எழுதியவரிடம் தொழில் பழகிய ஒருவர் கோலகங்சார் சாலையில் இன்னும் கடை வைத்திருக்கிறார், கேட்டுப் பார்க்கிறேன். எழுத்துக்கூட்டு எல்லாம் டீச்சர் சரி பார்த்துக் கொடுத்த பிறகுதான் தூரிகை தொடும்.