பொருள்: குமிழி போதுமா? "தூற்றாப் பொலி" என்றொரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் பங்கு விலை பற்றிக் கட்டுரை எழுதும் தங்கை, "பங்கு விலை தகுதிக்கு மீறி வீங்குவதைச் சொல்லும் பபிள் (bubble) என்பதற்குக் குமிழி போதுமா?" என்று கேட்டு மூன்று நாளாகிறது. வந்த மடல்கள் அத்தனையும் "போதும்" என்கின்றன. எனக்குப் போதவில்லை.

1720இல் இலண்டனில் சரிந்த தென்கடல் கம்பனிக்குக் குமிழி சரி. அதன் கடல் வணிகம் பெரிதாக இலாபம் தரவில்லை. ஆனால் இணைய நிறுவனங்களின் கதை வேறு. அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கின் கூட்டுச் சுட்டெண் 2000 மார்ச் 10 அன்று 5,048இல் நின்றது. 2002 அக்டோபர் 9 அன்று 1,114. செல்லப்பிராணிப் பொருள்களை இணையத்தில் விற்ற பெட்ஸ் டொட் கொம் 2000 பெப்ரவரியில் பங்கு வெளியிட்டு நவம்பரிலேயே கடையை மூடியது. அமேசனின் பங்கும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் விழுந்தது, அது பிழைத்தது. அக்காலத்தில் முதலீட்டாளர்கள் போட்ட பணத்தில் இணையத்துக்காகப் புதைத்த ஒளியிழை வடங்கள் மண்ணுக்குள் கிடந்து பிறகு பயன்பட்டன. 1840களில் பிரித்தானிய ரயில் பங்குகளில் பணத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம், தண்டவாளம் மிஞ்சியது. குமிழி உடைந்தால் ஈரம்கூட மிஞ்சாதே!

வெல்லாவெளிப் பக்கம் களவெட்டி (நெல்லடிக்கும் களம்) பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது விளங்கும். சூட்டை (நெற்கதிர்க் குவியலை) மிதித்து, வைக்கோலை உதறி எடுத்தபின் நடுவே குவிந்து கிடப்பது பொலி. மணியும் பதரும் ஒன்றாகக் கிடக்கும். எவ்வளவு மணி, எவ்வளவு பதர் என்பது காற்றில் தூற்றும்வரை வயலுக்குச் சொந்தக்காரரான போடியாருக்கும் தெரியாது. அதனால் என் பரிந்துரை "தூற்றாப் பொலி". வருமானமற்ற நிறுவனங்கள் பதர். அவை கழியும் காலம் தூற்றல்.

2025 ஜனவரி 27 அன்று செயற்கை நுண்ணறிவுக்கான சில்லுகளை விற்கும் என்விடியாவின் சந்தை மதிப்பில் ஏறக்குறைய 600 பில்லியன் டொலர் ஒரே நாளில் போனது. குமிழி வெடித்தது என்று எழுதியவர்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் அது 5 டிரில்லியனைத் தாண்டியபோது என்ன எழுதுவார்கள்? வெடித்த குமிழி மறுபடி ஊதாது. பொலியின்மேல் ஒரு காற்று வீசியது என்றால் பிழையில்லை.

இன்னொன்று. களவெட்டிக்கென்று தனிப் பேச்சு உண்டு. பொலி குறைந்துவிடும் என்று வீட்டில் புழங்கும் சில சொற்களை அங்கே வாயில் எடுக்கமாட்டார்கள். விலை ஏறும் சந்தையில் "குமிழி" என்று சொல்லிப் பாருங்கள், அதே முறைப்புத்தான் கிடைக்கும்! கல்வெட்டுகளில் "பொலிசை" என்றால் வட்டி. பணத்துக்கும் பொலி என்ற சொல் புதிதல்ல.

மட்டக்களப்பிலிருந்து

> அக்கரைப்பற்றிலிருந்து மறுமொழி:
> ஐயா, "முதலீட்டாளர்கள் பங்குகளைத் தூற்றினர்" என்று தலைப்பு வந்தால் வசைபாடினர் என்றுதான் படிப்பார்கள். இப்போது இயந்திரம் வயலிலேயே வெட்டி, மணியைப் பிரித்து மூடையில் தந்துவிடுகிறது. என் மாணவர்களுக்குப் பொலி தெரியாது. தூற்றலுக்குப் பதில் "புடைப்பு" என்போமா? சுளகை (முறத்தை) எல்லோருக்கும் தெரியும்.

அக்கரைப்பற்று ஆசிரியருக்கு,

தூற்றலில் நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் புடைப்பு ஆகாது. புடைத்தல் வீங்குவதையும் குறிக்கும். விலை ஏறியதா இறங்கியதா என்று வாசகர் தலையைச் சொறிவார். "பதர்நீக்கம்" என்று மாற்றிக்கொள்கிறேன். "தூற்றாப் பொலி"யில் பக்கத்திலேயே பொலி நிற்பதால் வசை என்ற மயக்கம் வராது.

மாணவர்களுக்குத் தெரியாது என்பதை மட்டும் ஒப்பமாட்டேன். ஒளியிழை வடத்தையும் அவர்கள் கண்டதில்லை, சொல்லிக்கொடுத்தோம், படித்தார்கள். தங்கை தன் கட்டுரையில் தென்கடலுக்குக் குமிழியும் என்விடியாவுக்குத் தூற்றாப் பொலியும் போட்டு ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும். எங்கே இடறுகிறது என்று எழுதினால் அந்த இடத்தைப் பார்ப்போம்.