மூன்று நாள் வகுப்பைப் பன்னிரண்டு வாரமாக நீட்டியபோது

ஏஐ சான்றிதழ்ப் பயிற்சியை நேரில் நடத்திக்கொண்டிருந்துவிட்டு, அதையே அவரவர் வேகத்தில் படிக்கும் இணையப் படிப்பாக மாற்றியவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நடத்தியது மூன்று நாள் வகுப்பு. காலையில் ஆரம்பித்தால் மாலை வரை, கடைசி நாள் சாயங்காலம் ஒரு மாதிரித் தேர்வு. வேலையில் இருப்பவர்களுக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு கிடைப்பதில்லை என்பதால் 12 வாரப் படிப்பாக நீட்டலாம் என்று முடிவானது. எனக்கு அப்போது அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. வகுப்பில் பேசுவதைக் கேமரா முன்னால் பேச வேண்டும், அவ்வளவுதானே? பேசினேன். ஒவ்வொரு வீடியோவும் ஐம்பது நிமிடம்.

சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது மாட்யூலோடு நின்றுவிட்டார்கள்.

இணையப் படிப்புகளில் இது பழைய கதைதான். 2011-இல் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் என்ற இரண்டு ஏஐ வல்லுநர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஏஐ அறிமுகப் படிப்பை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டபோது சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள், முடித்தவர்கள் ஏறக்குறைய 23,000 பேர். அதில் வாராவாரம் வீட்டுப்பாடமும் கெடுவும் வேறு இருந்தன. இதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் என்னிடம் சேர்ந்தவர்கள் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று வந்தவர்கள் கிடையாது. பணம் கட்டி, அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்தவர்கள். அவர்களும் நின்றுபோனால்?

நின்றவர்களுக்கெல்லாம் தனித்தனியாக எழுதிக் கேட்டேன். பலர் "நேரமில்லை" என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் விரிவாக எழுதியிருந்தார். கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ் (கணிப்புகளில் எவை சரி, எவை தவறு என்று வகை பிரித்துக் காட்டும் அட்டவணை) பாடத்தில் 22-வது நிமிடத்தில் "இது உங்களுக்குத் தெரிந்ததுதான்" என்று சொல்லிவிட்டு நான் அடுத்ததற்குப் போய்விடுகிறேனாம். அவருக்குத் தெரியவில்லை. மூன்று நாள் ராத்திரி அதே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் தெரிந்தது நமக்கு மட்டும் புரியவில்லை என்றால் இது நமக்கானது இல்லை என்று மூடி வைத்துவிட்டார்.

போய் அந்த இடத்தைப் போட்டுக் கேட்டேன். சொல்லியிருக்கிறேன், இதே வார்த்தைகளில். வகுப்பிலும் இதைச் சொல்கிற பழக்கம் எனக்கு உண்டு, ஆனால் அங்கே சொன்ன உடனே நாலு முகம் சுருங்கும், ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் நோட்டை எட்டிப் பார்ப்பார், நான் பேச்சை மாற்றி மறுபடி போர்டுக்குப் போய்விடுவேன். இவ்வளவு காலம் பாடத்தைப் பாதி நடத்தியது அந்த முகங்கள்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். எழுதினேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஐம்பது நிமிட வீடியோவை எட்டுத் துண்டாக வெட்டுவதால் ஒன்றும் ஆகாது. சின்ன வீடியோவைத்தான் மக்கள் கடைசிவரை பார்க்கிறார்கள் என்பது உண்மை. எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் படிப்புகளில் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் சராசரி ஆள் ஆறு நிமிடத்துக்கு மேல் தங்குவதில்லை என்று வந்தது. ஆனால் அந்த ஆறு நிமிடத்தில் ஆரம்பித்த விஷயம் அங்கேயே முடிய வேண்டுமே.

நான் செய்த பெரிய மாற்றம், விளக்கத்துக்கு முன்னால் கேள்வியை வைத்தது. ஆயிரம் பரிவர்த்தனை, அதில் இருபது மோசடி. ஒரு மாடல், அதாவது தரவிலிருந்து கற்றுக்கொண்டு கணிக்கிற நிரல், எல்லாவற்றையும் "நல்லது" என்கிறது. துல்லியம் 98 சதவீதம். வாங்குவீர்களா? பதில் சொன்னால்தான் அடுத்த பக்கம் திறக்கும். வாங்குவேன் என்றவருக்கு ஒரு இரண்டு நிமிட வீடியோ: இருபது மோசடியில் எத்தனையைப் பிடித்தது? பூஜ்யம். ரீகால் (இருக்கிற மோசடிகளில் எத்தனை பங்கு பிடிபட்டது என்ற அளவு) என்ற சொல்லே அதற்கப்புறம்தான் வரும். தவறான விடைகளை நான் யோசித்து உருவாக்கவில்லை, இத்தனை வருட வகுப்பில் ஆட்கள் என்னிடம் உண்மையாகவே சொன்ன விடைகள் அவை. பழைய குறிப்பேடுகளைத் தேடி எடுத்துத் தொகுத்தேன்.

லேபிலும், அதாவது செய்முறைப் பயிற்சியிலும், அப்படித்தான். எந்த வாடிக்கையாளர் விலகுவார் என்று கணிக்கிற நோட்புக்கில் (நிரலை எழுதி அங்கேயே ஓட்டிப் பார்க்கும் கோப்பு), விலகிய பிறகு மட்டுமே நிரப்பப்படும் ஒரு நெடுவரிசையை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன். விடையே அதில் ஒளிந்திருப்பதால் மாடலின் துல்லியம் 99 சதவீதத்தைத் தாண்டும், ஆள் குஷியாகிவிடுவார். எந்த நெடுவரிசை இந்த வேலையைச் செய்கிறது என்பது அடுத்த கேள்வி. நாலு வாரம் கழித்து இதே பொறி மருத்துவமனைத் தரவில் வேறு வேஷத்தில் வரும், அங்கேயும் பலர் விழுவார்கள். மூன்று நாள் வகுப்பில் இதைச் செய்யவே முடியாது, மறப்பதற்கு நேரம் கொடுத்தால்தானே ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்க முடியும்.

கெடு பற்றி ஒன்று. மூன்றாவது வாரத்திலேயே தேர்வுத் தேதியை முன்பதிவு செய்யச் சொல்லிவிடுகிறேன். நான் வைக்கிற கெடுவை எவரும் மதிப்பதில்லை, காசு கட்டிய தேர்வுத் தேதிக்கு மரியாதை தனி.

* * *

நானும் பயிற்றுநர்தான். எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். ஏஐ சட்டம், நெறிமுறை பற்றிய மாட்யூலை அழகாகப் பதிவு செய்தேன், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டத்தை அதில் "வரைவு" என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். 2024 ஆகஸ்ட் 1-இல் அது அமலுக்கு வந்துவிட்டது. 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்யப்பட்ட பயன்பாடுகள் பற்றிய விதிகளும், ஊழியர்களுக்குப் போதுமான ஏஐ அறிவு இருக்கும்படி நிறுவனங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தன. என் வீடியோவில் நான் இன்னும் "வந்தால் இப்படி இருக்கும்" என்று சிரித்த முகத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். லேபுக்கு நம்பியிருந்த ஒரு மாடலையும் அதை வழங்கியவர்கள் இடையில் நிறுத்திவிட்டார்கள், ஒரே ராத்திரியில் நாற்பது புகார்.

இப்போது தேதி, திரைக்காட்சி, மாடலின் பெயர், தேர்வுப் பாடத்திட்டத்தின் எண் எதையும் வாயால் சொல்வதில்லை. எல்லாம் எழுத்தில், மாற்றினால் ஐந்து நிமிட வேலை. ஓவர்ஃபிட்டிங் (மாடல் பயிற்சித் தரவை மனப்பாடம் செய்துவிட்டுப் புதிய தரவில் சறுக்குவது) என்றால் என்ன என்பது போல மாறாத விஷயங்களுக்கு மட்டும்தான் கேமரா முன்னால் உட்காருகிறேன்.

* * *

படித்த பக்கத்திலிருந்து ஒரு வாக்குமூலம். குழந்தை தூங்கியதும் வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பாத்திரம் கழுவியிருக்கிறேன். பக்கத்தில் பச்சை டிக் விழுந்துகொண்டே இருக்கும், பார்க்க அவ்வளவு நிம்மதி. லேப்களை ஏஐ உதவியாளரிடம் கொடுத்து முடித்தேன். ஏஐ படிப்பின் வீட்டுப்பாடத்தை ஏஐயே செய்தது, அதற்கு நான் சான்றிதழ் வாங்கப் போனேன்! மாதிரித் தேர்வில் 41 மதிப்பெண். அடுத்த முறை சேர்ந்த படிப்பில், உங்கள் நோட்புக்கின் எந்த வரி எதற்கு என்று ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள். முதல் பதிவில் நான்காவது வரியிலேயே வாயடைத்துப் போய், நிறுத்திவிட்டுப் போய்ப் படித்தேன். அதிலிருந்துதான் எனக்கு ஏறியது.

முதலில் எழுதியவரிடம் ஒரு கேள்வி, சார். வாரம் ஒரு மணி நேரம் சந்தேகம் கேட்க நேரலை வைத்தீர்களா? நான் படித்த இடத்தில் வைத்தார்கள், நான் ஒரு தடவைகூடப் போகவில்லை.

* * *

வைத்தேன். முதல் மூன்று வாரம் நானும் என் காபிக் கோப்பையும்தான். நாலாவது வாரம், சந்தேகத்தை முன்கூட்டியே பெயர் போடாமல் எழுதி அனுப்பலாம் என்று ஒரு படிவம் திறந்தேன். அன்றைக்கு மாலைக்குள் பதினேழு கேள்வி வந்துவிட்டது, அதில் ஆறு அந்த 22-வது நிமிடத்தைப் பற்றி.