புதுப்பிப்பு: அப்பத்தா கால் காயமும் ஆய்வகத் தோலும்

காரைக்குடியில் அப்பத்தா மனகோலம் சுடும்போது எண்ணெய் கொட்டிப் புறங்கால் வெந்துபோனது, ஆய்வகத்தில் வளர்த்த தோல் வைக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, நடந்தது இதுதான்: அவர் தொடையிலிருந்தே மெல்லிய தோலைச் சீவி ஒட்டினார்கள். நன்றாகப் பிடித்துவிட்டது.

ஆய்வகத் தோல் ஒன்றும் கட்டுக்கதை இல்லை. 1975-லேயே ரைன்வால்ட், கிரீன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் மனித மேல்தோல் செல்களை வளர்த்துக் காட்டினார்கள். கதிர்வீச்சு கொடுத்துப் பெருகாமல் நிறுத்திய எலி செல்களைக் கிண்ணத்தில் பரப்பி, அவற்றின் துணையில் வளரட்டும் என்று மனித செல்களை அவற்றின்மேல் விதைத்தார்கள். தபால்தலை அளவுத் தோலிலிருந்து உடம்பையே மூடும் அளவுக்குப் பெருக்கலாம். ஆனால் மூன்று வாரம்போல ஆகும். வருவதோ மேல்தோல் மட்டும், நனைந்த அப்பளம் மாதிரி. உடம்பில் பெரும்பகுதி வெந்து, எடுக்கத் தோலே இல்லாதவர்களுக்குத்தான் அது முக்கியம். புறங்காலுக்கு வேண்டாம் என்று டாக்டர் சொன்னது நியாயம்தான்.

ஆய்வகத் தோலில் முடி முளைக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். 2020-ல் ஸ்டெம் செல்லிலிருந்து (பல வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) மயிர்க்கால், கொழுப்பு, நரம்பு எல்லாம் சேர்ந்த தோல் உருண்டையை வளர்த்திருக்கிறார்கள். நாலைந்து மாதம் பிடித்தது. அப்பத்தாவிடம் சொன்னேன். "கால்ல முடியை வச்சு என்னய்யா பண்ண, தலையில முளைக்குமான்னு கேளு" என்கிறார்.