ஜேம்ஸ் கோல்மன் பல்டி அடிச்சாரா இல்லையா?

வைகைக்கரை:
எம்.ஏ சோஷியாலஜி, அமெரிக்க சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் பத்தி அசைன்மென்ட். அமெரிக்கால கருப்பு, வெள்ளை பசங்கள பஸ்ல ஏத்தி ஒரே ஸ்கூல்ல படிக்க வச்சதுக்கு இவரோட 1966 ரிப்போர்ட்தான் ஆதாரம்னு ஒரு எடத்துல இருக்கு, 1975ல அவரே அதை எதிர்த்தார்னு இன்னொரு எடத்துல இருக்கு. எது சரி?

திண்ணைப்பேச்சு:
ரெண்டும் சரிதான் தம்பி. இனப் பாகுபாட்டைத் தடை பண்ணின 1964 சிவில் ரைட்ஸ் சட்டத்துலயே, படிப்புல எல்லா இனத்துக்கும் சம வாய்ப்பு இருக்கான்னு சர்வே எடுத்து ரெண்டு வருஷத்துல ரிப்போர்ட் குடுக்கணும்னு இருந்துச்சு, அந்த வேலைய அப்போ ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல இருந்த இவர்கிட்ட குடுத்தாங்க. 6 லட்சத்துக்கு மேல பசங்க, சுமார் 4,000 ஸ்கூல். கருப்பு பசங்க ஸ்கூல்ல லேப் இல்ல லைப்ரரி இல்ல அதான் மார்க் கொறையுதுன்னு வரும்னுதான் எல்லாரும் நெனச்சாங்க, ஆனா வசதில அவ்ளோ பெரிய வித்தியாசம் இல்ல, வீட்டு நெலமையும் கூடப் படிக்கிறவங்க யாருங்கறதும்தான் பெருசுன்னு வந்துச்சு. கவர்ன்மென்ட்டுக்கே தர்மசங்கடம், ஜூலை 4 லீவு சமயமா பாத்து சத்தமில்லாம வெளியிட்டாங்க. அந்த "கூடப் படிக்கிறவங்க" விஷயத்தைத்தான் பஸ் விடணும்னவங்க புடிச்சுக்கிட்டாங்க. பஸ் விடுங்கன்னு ரிப்போர்ட்ல எங்கயும் கெடையாது.

மௌனராகம்:
1975ல சொன்னது, பெரிய சிட்டில ஸ்கூல கலந்தா வெள்ளைக்கார குடும்பங்க புறநகருக்கு கெளம்பிடுதுன்னு. அதுக்கு வாங்கிக்கட்டிக்கிட்டார் பாருங்க, அமெரிக்க சோஷியாலஜி சங்கத்தோட தலைவர் ஆல்ஃப்ரட் மெக்ளங் லீயே கண்டனம் தெரிவிக்கணும்னு நின்னார், 1976 மாநாட்டு மேடைக்குப் பின்னால இவர் பேரோட நாஜி ஸ்வஸ்திகா போஸ்டர்! இத்தனைக்கும் கருப்பின மக்கள் உரிமைக்காக போராட்டத்துல கைதானவர். ஆனா எனக்கு ஒண்ணு ஒப்புக்கல. அவர் ஆய்வுக்கு எடுத்த ஊர்கள்ல பலதுல அந்த வருஷங்கள்ல பசங்கள கலக்கச் சொல்லி கோர்ட் ஆர்டர் போட்ட பஸ்ஸே ஓடலயே, டேட்டாவ தாண்டி அந்த பஸ்ஸ குறை சொல்லி பேட்டில பேசினது அவர் தப்புதான்.

திண்ணைப்பேச்சு:
அது நியாயமான அடி, ஒத்துக்கறேன். ஆனா அதே சங்கம்தான் பின்னாடி 1991ல அவரை தலைவராக்குச்சு. ஆள் மொதல்ல கெமிக்கல் இன்ஜினியர், கோடாக்ல வேலை பாத்துட்டு கொலம்பியாவுக்கு பிஎச்டி பண்ண வந்தவர், நம்பர் என்ன சொல்லுதோ அதைச் சொல்லிட்டு போற டைப்.

வைகைக்கரை:
சூப்பர் அண்ணா. அப்போ கத்தோலிக்க ஸ்கூல் பசங்க நல்லா படிக்கிறாங்கன்னு 80கள்ல சொன்னாரே, அதுவும் எழுதவா?

மௌனராகம்:
எழுதுனீங்கன்னா பக்கம் பத்தாது, அது வேற சண்டை. 66, 75 ரெண்டையும் தனித்தனி ஆய்வா காட்டுங்க, போதும்.