1965 டிஎஸ் 19: சிவப்பு ஊற்றுவதா, பச்சை ஊற்றுவதா?

ராத்திரி மெக்கானிக்:
வணக்கம். ஆறு வருஷம் ஓடாமல் கிடந்த 1965 சிட்ரோயன் டிஎஸ் 19 ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் முதலில் பின்பக்கம் எழுகிறது, முன்பக்கம் நன்றாக யோசித்துவிட்டு எழுகிறது. அணைத்த ஒரு மணி நேரத்தில் தரையோடு படுத்துவிடுகிறது. அது கிடக்கட்டும், என் கவலை வேறு. வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஹைட்ராலிக் திரவத்தின் டாங்கில் இருப்பது சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, துருத்தண்ணீர் மாதிரி ஒரு பழுப்பு. "குறையும்போதெல்லாம் ஏதோ ஊற்றுவேன்" என்கிறார் முன்பு வைத்திருந்தவர். அந்த "ஏதோ" என்ற வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. பம்ப் மட்டும் பச்சை பெயிண்டில் இருக்கிறது, மற்ற பாகங்கள் எல்லாம் கருப்பு. கையில் எல்எச்எம் என்ற பச்சைத் திரவம் ஐந்து கேன் இருக்கிறது. ஊற்றிவிடலாமா?

கருப்பு ஸ்பியர்:
கேனைத் திறக்காதீர்கள். எல்எச்எம் வந்தது 1966 செப்டம்பரில், 1967 மாடலோடு. அமெரிக்காவுக்குப் போன வண்டிகளுக்கு 1969 வரை சிவப்புதான். உங்கள் வண்டி பிறந்தது சிவப்பில்.

ஆனால் வருஷத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பரைப் பாருங்கள். பச்சை என்பது கனிம எண்ணெய், சிவப்பு, அதாவது எல்எச்எஸ், பிரேக் ஆயில் ஜாதி. ஒன்றுக்கான சீலில் மற்றது பட்டால் ரப்பர் உப்பிக் குழைந்துபோகும். பச்சை பெயிண்ட் என்றால் பச்சைத் திரவத்துக்கான பாகம், கருப்பு என்றால் சிவப்புக்கானது. நடுவில் யாராவது பச்சைக்கு மாற்றியிருக்கலாம், அல்லது அந்த பம்ப் மட்டும் வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம்.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, அதில் அந்தப் பழுப்புத் திரவத்தை இரண்டு சொட்டு விடுங்கள். எல்எச்எஸ் என்றால் கரைந்துபோகும், எல்எச்எம் என்றால் மேலே மிதக்கும்.

வேகத்தடை:
இவ்வளவு எதற்கு? என் நண்பர் சிவப்பு வண்டியில் சாதாரண பிரேக் ஆயிலான டாட் 4 ஊற்றி ஓட்டினார், ஒன்றும் ஆகவில்லை.

கருப்பு ஸ்பியர்:
ஆகவில்லையா, இன்னும் தெரியவில்லையா? டாட் 4 அந்த ரப்பரை உடனே கெடுக்காது, சரி. ஆனால் இந்த வண்டியில் 150 பாருக்கு மேல் அழுத்தம் கொடுக்கும் பம்புக்கு வழவழப்பும் இதே திரவம்தான். நான் ஊற்றமாட்டேன். சிவப்பு வண்டிக்கு எல்எச்எஸ்ஸே வேண்டும், அதுவும் ஈரம் உறிஞ்சும் ஜாதி என்பதால் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். நின்ற வண்டிகளில் பைப்பு உள்ளே துருப்பிடிப்பதற்கு பாதிக் காரணம் அதுதான்.

ராத்திரி மெக்கானிக்:
டம்ளர் சோதனை செய்தேன். நடுவில் பழுப்பாகக் கரைந்தது, மேலே மெல்லிய எண்ணெய்ப் படலமும் நிற்கிறது. இரண்டும் நடந்தால் என்ன அர்த்தம் அண்ணா?

கருப்பு ஸ்பியர்:
"ஏதோ" யார் என்று தெரிந்துவிட்டது. இரண்டும் கலந்திருக்கிறது. வண்டியை நகர்த்தாதீர்கள் தம்பி, பிரேக்கும் இதே திரவத்தில்தான் ஓடுகிறது.

முழுதும் வடித்துவிட்டு ஒரு சீலைக் கழற்றிப் பாருங்கள். பச்சை பம்பில் ஒன்று, கருப்பு பாகத்தில் ஒன்று. அதற்கப்புறம் எந்தப் பக்கம் போவது என்று பேசலாம். என்னைக் கேட்டால் சிவப்பிலேயே வைத்து, பம்பை மட்டும் சிவப்பு சீலோடு திரும்பக் கட்டுவேன். கழுவ ஆல்கஹால் போதும், பெட்ரோல் வேண்டாம். பச்சைக்குப் போனால் ஸ்பியர் என்ற கேஸ் உருண்டைக்குள் இருக்கும் ரப்பர் டயஃப்ராம், ரிட்டர்ன் குழாய், பூட் என்ற ரப்பர் உறை, ஒவ்வொரு சீலும் மாற வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அதுவே ஒழுகும். ஆமாம், சிவப்பு கையாளும்போது பானெட் மேல் துணி போடுங்கள், பெயிண்டைத் தின்றுவிடும்.

ராத்திரி மெக்கானிக்:
கருப்பு பாகத்தின் சீலைக் கழற்றினேன். விரலால் அழுத்தினால் ஜெல்லி மாதிரி நசுங்குகிறது, திரும்ப அதன் பள்ளத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறது. பம்பின் சீல் அதை விடக் கொஞ்சம் பரவாயில்லை. எல்எச்எஸ் தேட ஆரம்பித்துவிட்டேன். அந்த ஐந்து கேன் பச்சை, பச்சையில் ஓடும் சிட்ரோயன் சிஎக்ஸ் அல்லது பிஎக்ஸ் வைத்திருக்கும் யாருக்காவது வேண்டுமா?